மேடை சுலபம், தேநீர் இடைவேளைதான் கஷ்டம்

வயது வந்த ஒருவர் தனக்கு ஆட்டிசம் இருப்பதாகச் சொன்னால், கேட்பவர் வாயிலிருந்து முதலில் வருவது பெரும்பாலும் இதுதான்: “உங்களுக்கா? மேடையில அவ்வளவு நல்லா பேசுறீங்களே!” பாராட்டாகத்தான் சொல்கிறார்கள். ஆனால் அதோடு பேச்சு முடிந்துபோகிறது. அவர் என்ன சொல்ல வந்தார், எதில் திணறுகிறார் என்று அதற்குப் பிறகு யாரும் கேட்பதில்லை.

இந்த வியப்புக்கு அடியில் ஒரு கணக்கு இருக்கிறது. ஆயிரம் பேர் முன்னால் பேசுவது கஷ்டம், நாலு பேரோடு நின்று பேசுவது சுலபம். கஷ்டமானதையே செய்கிறவருக்குச் சுலபமானது வராமல் போகுமா? நிறையப் பேருக்கு இந்தக் கணக்கு பொருந்தும். ஆட்டிச நிலையாளர்களில் ஒரு பகுதியினருக்கோ இது அப்படியே தலைகீழ். மேடை அவர்களுக்குக் கைவருகிறது. இறங்கி வந்து, கையில் காபியோடு நின்று பேச வேண்டிய அந்தப் பத்து நிமிடம்தான் கைவருவதில்லை.

எல்லோருக்கும் அப்படி என்று சொல்லவில்லை. பேச்சே வராதவர்கள், கணினியில் தட்டித் தெரிவிப்பவர்கள், மைக்கைப் பார்த்தாலே நடுங்குகிறவர்கள் என்று ஆட்டிசத்தில் எல்லா வகையினரும் உண்டு. ஆட்டிசத்தோடு சமூகப் பதற்றமும் சேர்ந்து இருப்பது சகஜம். நான் இங்கே எடுத்துக்கொள்வது, நன்றாகப் பேசுவதாலேயே தங்கள் சிரமம் யார் கண்ணிலும் படாமல் போகிறவர்களை. அவர்களுக்கு இழைக்கப்படுவது சின்ன அநியாயம் அல்ல என்று நினைக்கிறேன்.

ஆஸ்திரேலிய நகைச்சுவைக் கலைஞர் ஹன்னா காட்ஸ்பி 2018இல் நெட்ஃபிளிக்ஸில் வெளியான தன் நிகழ்ச்சியால் உலகம் முழுக்கத் தெரிந்தவர். வளர்ந்து பெரியவரான பிறகே அவருக்கு ஆட்டிசம் கண்டறியப்பட்டது. 2019இல் டெட் (TED) என்ற உரை நிகழ்ச்சி மேடையில் பேசியபோது தன் தொடக்கத்தைப் பற்றிச் சொன்னார். முதன்முதலில் மேடையேறியபோது அவர் கிட்டத்தட்ட வாயே திறக்காத, கூச்சம் மிகுந்த ஆள். அதற்கு முன் மைக்கைப் பிடித்ததுகூட இல்லை. ஆனால் முதல் நகைச்சுவையைச் சொல்லி முடிப்பதற்குள்ளேயே இது தனக்கான இடம் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. தனக்குச் சுத்தமாக வராத ஒன்று மேடையில் மட்டும் எப்படி வருகிறது என்பதுதான் புரியவில்லை. ஆட்டிசம் என்று தெரிந்த பிறகே அந்தப் புதிருக்கு விடை கிடைத்தது.

சுவீடனின் காலநிலைப் போராளி கிரேட்டா துன்பர்க் கதை இன்னும் கூர்மையானது. பதினோரு வயதில் மனச்சோர்வில் விழுந்து, பேசுவதையும் சாப்பிடுவதையும் நிறுத்திவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஆஸ்பெர்கர் (அப்போது தனிப் பெயரில் வழங்கிய ஆட்டிச வகை), மனச்சுழல் நோய் (ஓசிடி), சில இடங்களில் பேச்சே வராத நிலை ஆகிய மூன்றும் அவருக்கு இருப்பதாக மருத்துவர்கள் கண்டறிந்தார்கள். அதே பெண் 2019 செப்டம்பரில், 16 வயதில், நியூயார்க்கில் ஐநா காலநிலை உச்சி மாநாட்டில் உலகத் தலைவர்களைப் பார்த்து “உங்களுக்கு எவ்வளவு துணிச்சல்” என்று கேட்டார். தேவை என்று தோன்றினால் மட்டும் பேசுவேன் என்பது அவர் தன் நிலைக்குக் கொடுத்த விளக்கம். பேச்சு நின்றுபோன பிள்ளை எப்படி ஐநாவில் பேசுகிறது என்று வியந்தவர்கள், இரண்டும் ஒரே வேலை என்று நினைத்துக்கொண்டார்கள். அவை ஒரே வேலை இல்லை.

சாதாரண அரட்டை எவ்வளவு வேகமானது என்று நாம் யோசிப்பதே இல்லை. 2009இல் மொழியியலாளர்கள் பத்து மொழிகளில் நடந்த உரையாடல்களை அளந்து பார்த்தார்கள். ஒருவர் கேட்டு முடிப்பதற்கும் அடுத்தவர் பதில் சொல்லத் தொடங்குவதற்கும் நடுவில் இருந்த இடைவெளி சராசரியாக 200 மில்லி விநாடி அளவில்தான் இருந்தது. ஒரு நொடியில் ஐந்தில் ஒரு பங்கு. மொழிக்கு மொழி கொஞ்சம் கூடும், குறையும்; பெரிய வித்தியாசம் இல்லை. ஆனால் ஒரு படத்தைக் காட்டி அதன் பெயரைச் சொல்லச் சொன்னாலே மூளைக்குச் சுமார் 600 மில்லி விநாடி பிடிக்கும். அப்படியென்றால் எதிரில் இருப்பவர் பேசி முடிப்பதற்கு முன்பே, அவர் எங்கே முடிக்கப்போகிறார் என்று ஊகித்து, நம் பதிலைத் தயார் செய்யத் தொடங்கிவிடுகிறோம். கேட்பதும் ஊகிப்பதும் தயாரிப்பதும் ஒரே நேரத்தில் நடக்கின்றன. பெரும்பாலானவர்களுக்கு இது தானாக நடக்கிறது. அதனால்தான் இது ஒரு வேலை என்றே தெரிவதில்லை.

தானாக நடக்காதவருக்கு என்ன ஆகும்? கூட்டம் முடிந்து நாலு பேர் வட்டமாக நிற்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். பின்னால் நாற்காலிகளை மடக்கி அடுக்கும் சத்தம், யாரோ மைக்கைச் சோதிக்கும் கிர்ர். ஒருவர், “சார் பேச்சு பிரமாதம், அந்த இரண்டாவது பாயிண்ட் மட்டும்...” என்று இழுக்கிறார். அது பாராட்டா, குறையா, கேள்வியா என்று நம் பேச்சாளர் யோசிக்கிறார். பின்னணிச் சத்தத்திலிருந்து பேச்சைப் பிரித்துக் கேட்பது ஆட்டிச நிலையாளர்கள் பலருக்குச் சிரமம் என்பது ஆய்வுகளில் பதிவான விஷயம். அதனால் பாதி வார்த்தைகள் தவறிப்போகின்றன. பதிலைச் சேர்த்துக்கொண்டு வாயைத் திறக்கும்போது பேச்சு பார்க்கிங் பிரச்சினைக்குப் போயிருக்கிறது. பழைய விஷயத்துக்குப் பதில் சொன்னால் எல்லோரும் ஒரு கணம் விழிக்கிறார்கள். சொல்லாவிட்டால் “ஆள் கொஞ்சம் தலைக்கனம்” என்று பேர். ஒருவர் கடிகாரத்தைப் பார்க்கிறார்: அவருக்கு அவசரமா, அல்லது நம் பேச்சு போரடிக்கிறதா? இன்னொருவர் “அப்ப பார்ப்போம்” என்கிறார்: இப்போது கிளம்ப வேண்டுமா, இன்னும் நிற்க வேண்டுமா?

மேடையில் இந்தச் சிக்கல் ஒன்றுகூட இல்லை. முறை முழுக்க அவருடையது; யாரும் குறுக்கே வரமாட்டார்கள். விஷயம் அவர் தேர்ந்தெடுத்தது. வாக்கியங்களை முதல் நாளே எழுதி, சொல்லிப் பார்த்து வைத்திருக்கிறார். கண்ணைப் பார்த்துப் பேச வேண்டியதில்லை. கடைசி வரிசைக்குப் பின்னால் இருக்கும் சுவரைப் பார்த்தால் போதும், ஒட்டுமொத்தச் சபையையும் பார்ப்பதாக எல்லோரும் நினைத்துக்கொள்வார்கள். எப்போது தொடங்கி எப்போது முடிக்க வேண்டும் என்பது அழைப்பிதழிலேயே இருக்கிறது. அதற்கு மேல், பல ஆட்டிச நிலையாளர்களிடம் ஒரே விஷயத்தில் ஆழ்ந்து மூழ்கும் இயல்பு உண்டு. கவனம் ஒரு நேரத்தில் ஒரே ஓடையில் முழு வேகத்தில் பாய்கிறது என்று டைனா மரே உள்ளிட்ட ஆய்வாளர்கள் 2005இல் இதை விளக்கினார்கள். மனசுக்குப் பிடித்த பொருளைப் பற்றி நாற்பது நிமிடம் பேசச் சொன்னால் அந்த இயல்பு பெரும் பலம். நாலு பேர் நாலு விஷயத்துக்குத் தாவும் இடத்தில் அதுவே சுமை.

தமிழில் மேடைப் பேச்சுக்கு இருக்கும் வடிவம் இதற்கு இன்னும் தோதானது. பள்ளிக்கூடப் பேச்சுப் போட்டியை நினைத்துப் பாருங்கள். “அவையில் வீற்றிருக்கும் சான்றோர் பெருமக்களே, நடுவர் அவர்களே” என்று ஒரு தொடக்கம். நடுவில் ஒரு குறள், ஒரு பாரதியார் வரி. ஏற்ற இறக்கம், கை அசைவு எல்லாம் ஆசிரியர் சொல்லிக்கொடுத்தது. “வாய்ப்புக்கு நன்றி கூறி விடைபெறுகிறேன்” என்று ஒரு முடிவு. மனப்பாடம் செய்து, அச்சுப் பிசகாமல் சொல்லும் பிள்ளைக்குக் கோப்பை கிடைக்கும். அந்தப் பிள்ளை மதிய உணவு இடைவேளையில் யாரோடு உட்காருகிறது என்று யாரும் பார்ப்பதில்லை. “பேச்சுப் போட்டியில ஃபர்ஸ்ட் வாங்குற பொண்ணுங்க, அவளுக்கு என்ன பிரச்சினை?” என்று வீட்டிலும் பள்ளியிலும் சொல்லிவிடுவார்கள். தோழிகள் கூட்டத்தில் அவள் எப்போதும் ஒரு அடி தள்ளி நடப்பது ‘அமைதியான சுபாவம்’ ஆகிவிடுகிறது. பெண் பிள்ளைகளுக்கு அமைதி என்பது நம் ஊரில் பாராட்டுச் சொல் வேறு. இப்படிப் பேசப் பழகிய பிள்ளைகள் முப்பது, நாற்பது வயதில், ஒரு வேலை போன பிறகோ, தன் குழந்தைக்கு ஆட்டிசம் என்று மருத்துவர் சொன்ன பிறகோதான் தங்களைப் பற்றித் தெரிந்துகொள்கிறார்கள். அதுவரை தன்னிடம்தான் ஏதோ கோளாறு, தான்தான் மனுஷத்தன்மை இல்லாத ஆள் என்று நம்பிக்கொண்டே இருந்திருப்பார்கள்.

மருத்துவர்களின் கையேடே இதற்கு இடம் கொடுக்கிறது. அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5, ஆட்டிசத்தின் அறிகுறிகள் சிறு வயதிலிருந்தே இருக்க வேண்டும் என்கிறது. ஆனால் சமூகத்தின் எதிர்பார்ப்பு ஒருவரின் திறனைத் தாண்டும் வரை அவை முழுதாக வெளிப்படாமல் இருக்கலாம், பின்னாளில் கற்றுக்கொண்ட உத்திகள் அவற்றை மறைத்துவிடலாம் என்றும் சேர்த்தே சொல்கிறது. ஆஸ்பெர்கர் என்று தனியாக இருந்த பெயரை ஆட்டிச நிறமாலைக்குள் சேர்த்ததும் அந்தப் பதிப்புதான். ஆக, நன்றாகப் பேசுகிறார் என்பதை மட்டும் வைத்து ஆட்டிசம் இல்லை என்று சொல்ல முடியாது.

கற்றுக்கொண்ட உத்திகள் என்றால் என்ன? லாரா ஹல் என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் 2017இல் ஆட்டிச நிலையாளர்களிடமே இதைக் கேட்டுத் தொகுத்தார்கள். 2019இல் அதை அளக்க 25 வாக்கியங்கள் கொண்ட வினாத்தாள் ஒன்றை வெளியிட்டார்கள். மற்றவர்களின் உடல்மொழியைப் பார்த்துப் படியெடுப்பது, முகபாவத்தை ஒத்திகை பார்ப்பது, பேச வேண்டியதை முன்கூட்டியே எழுதிவைத்துக்கொள்வது, நான் நானாக இல்லாமல் நடிக்கிறேன் என்ற உணர்வு என்று அதில் வருவதெல்லாம் நடிகரின் வேலைப் பட்டியல்தான். மேடையில் இந்த நடிப்பு அரை மணி நேரத்தில் முடிந்துவிடும். அலுவலகத்தில் எட்டு மணி நேரம், கல்யாண வீட்டில் இரண்டு நாள். உரை முடிந்து வீட்டுக்கு வந்து இருட்டறையில் படுத்துக்கொண்டு, மறுநாள் முழுக்க யாரோடும் பேச முடியாமல் இருப்பவர்கள் உண்டு. கைதட்டியவர்களுக்கு அது தெரியாது. இந்த மறைப்பு வெறும் களைப்போடு நிற்பதுமில்லை. சாரா காசிடி குழுவினர் 2018இல் வெளியிட்ட ஆய்வில், ஆட்டிசத்தை மறைத்து நடப்பதற்கும் தற்கொலை எண்ணங்களுக்கும் தொடர்பு இருப்பது தெரியவந்தது. அதனால்தான் “பார்த்தா தெரியவே இல்லையே” என்பதைப் பாராட்டு என்று என்னால் ஏற்க முடிவதில்லை.

ஆட்டிச நிலையாளரான டெம்பிள் கிராண்டினையும் இங்கே சொல்ல வேண்டும். 1947இல் பிறந்தவர், மூன்றரை வயதுவரை பேச்சு வரவில்லை. கால்நடைக் கூடங்களை வடிவமைப்பதில் பேர் வாங்கி, கொலராடோ மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் ஆனார். உலகம் முழுக்க உரை நிகழ்த்தும் அவர், மாணவியாக இருந்தபோது தன் முதல் உரையில் பதறிப்போய் அறையை விட்டே வெளியேறியதாகச் சொல்லியிருக்கிறார். படவில்லைகளை (ஸ்லைடுகளை) நன்றாகத் தயாரித்து, அவற்றைப் பிடித்துக்கொண்டு பேசப் பழகினார். மேடை அவருக்கும் பிறவியில் வரவில்லை, பழகினார், வந்தது. மேடைப் பேச்சைப் பழக முடிவதற்குக் காரணம், அது ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட ஒரே மாதிரி நடக்கிறது. அரட்டை ஒருமுறை நடந்தது போல மறுமுறை நடப்பதில்லை.

பிரிட்டனில் கிறிஸ் பாக்கம் இயற்கை நிகழ்ச்சிகளால் வீட்டுக்கு வீடு தெரிந்த முகம். நாற்பது வயதைத் தாண்டி 2005இல்தான் அவருக்கு ஆஸ்பெர்கர் என்று தெரிந்தது. 2017இல் பிபிசி ஆவணப்படத்தில் அதைப் பற்றி விரிவாகப் பேசினார். அந்தப் படம் எடுக்கப்பட்டபோது அவர் காட்டுக்குள் இருக்கும் வீட்டில் நாயோடு தனியாக வாழ்ந்தார். அவருடைய துணைவி வேறு ஊரில் இருந்தார். நேரலையில் லட்சக்கணக்கானோர் முன்னால் சிரித்துப் பேசும் மனிதரின் மிச்ச நாள் அப்படித்தான் கழிந்தது.

இதுவரை சொன்னது ஒரு பக்கம். சிரமம் ஆட்டிச நிலையாளரிடம் மட்டும்தான் இருக்கிறதா? நோவா சாசன் தலைமையில் 2017இல் வெளியான ஆய்வு இந்த இடத்தில் எனக்கு மிக முக்கியமாகப் படுகிறது. ஆட்டிச நிலையாளர்களையும் மற்றவர்களையும், ரியாலிட்டி நிகழ்ச்சிக்குத் தேர்வு நடப்பதுபோல் கேமரா முன் சிறிது நேரம் பேசவைத்தார்கள். அதிலிருந்து சில நொடித் துண்டுகளை ஆட்டிசம் இல்லாத பார்வையாளர்களுக்குப் போட்டுக் காட்டினார்கள். பேசியவருக்கு ஆட்டிசம் என்று அவர்களிடம் சொல்லவில்லை. பார்த்த சில நொடியிலேயே, இவரோடு பழக விருப்பமில்லை, பக்கத்தில் உட்கார விருப்பமில்லை என்று ஆட்டிச நிலையாளர்களுக்கு மதிப்பெண் குறைந்தது. குரலை மட்டும் கேட்டாலும் குறைந்தது, படத்தை மட்டும் பார்த்தாலும் குறைந்தது. பேசியதை எழுத்தில் மட்டும் கொடுத்தபோது அந்த வித்தியாசம் காணாமல் போனது. சொன்ன விஷயத்தில் குறை இல்லை; அது வந்த குரலும் முகமும்தான் பிடிக்கவில்லை.

வேலை நேர்காணலில் இதே கதை. இதை ஊகத்தில் சொல்லவில்லை. கிறிஸ்டோபர் வெல்ப்லியும் சிந்தியா மேயும் செய்த ஆய்வில், காணொளியில் பார்த்தபோது ஆட்டிச நிலையாளர்களுக்கு வேலை கொடுக்கத் தயங்கியவர்கள், அதே நேர்காணலை எழுத்தில் படித்தபோது அவர்களுக்கு நல்ல மதிப்பெண் போட்டார்கள். பிரிட்டனில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களில் பத்துக்கு மூன்று பேர்தான் வேலையில் இருக்கிறார்கள் என்று 2024இல் ராபர்ட் பக்லேண்ட் அரசுக்குக் கொடுத்த அறிக்கை சொல்கிறது. நம் ஊர்க் கல்லூரி வளாகத் தேர்வில் நடக்கும் குழு விவாதத்தை இதோடு சேர்த்துப் பாருங்கள். பத்து பேர் ஒருவர் பேச்சில் ஒருவர் விழுந்து பேசும் பதினைந்து நிமிடம். அந்த 200 மில்லி விநாடி இடைவெளியில் புகத் தெரியாதவர், கருத்தரங்கில் நன்றாகக் கட்டுரை வாசித்திருந்தாலும், முதல் சுற்றிலேயே வெளியே போவார். கணினி நிரல் எழுதுகிற வேலைக்கு இந்தச் சோதனை எதற்கு என்று நிறுவனங்கள் யோசிக்க வேண்டும்.

சமூகவியலாளர் டேமியன் மில்டன், தானும் ஆட்டிச நிலையாளர், 2012இல் இதற்கு ஒரு சட்டகம் கொடுத்தார். புரியாமை இரண்டு பக்கமும் இருக்கிறது. ஆட்டிசம் உள்ளவருக்கு மற்றவர் மனம் புரியாதது போலவே மற்றவர்களுக்கும் இவர் மனம் புரிவதில்லை. பழியை மட்டும் ஒருவர் தலையில் போடுகிறோம் என்பது அவர் வாதம். எடின்பரோவில் கேத்தரின் கிராம்ப்டன் குழுவினர் 2020இல் ஒரு கதையை ஒருவர் காதிலிருந்து அடுத்தவர் காதுக்குக் கடத்திப் பார்த்தார்கள். ஆட்டிச நிலையாளர்கள் மட்டுமே இருந்த சங்கிலியில் கதை நன்றாகவே கடந்தது. இரு தரப்பும் கலந்த சங்கிலியில் அதிகம் சிதைந்தது. பிறகு அதே குழு இன்னும் அதிகம் பேரை வைத்துச் செய்தபோது கலந்த சங்கிலியிலும் அந்தச் சிதைவு தெரியவில்லை. எனவே இதைத் தீர்ந்த விஷயமாக நான் சொல்லமாட்டேன். ஆனால் இரண்டு ஆய்விலும் ஆட்டிச நிலையாளர்கள் தங்களுக்குள் செய்தி சொல்லிக்கொள்வதில் குறைந்துபோகவில்லை. அது போதுமான சேதி.

ஆட்டிச நிலையாளர்கள் தாங்களே நடத்திய கூட்டங்களில் இதற்கு வழி கண்டிருக்கிறார்கள். ஜிம் சின்க்ளேரும் நண்பர்களும் அமெரிக்காவில் 1996இல் தொடங்கிய ஆட்ரீட் முகாமில் வண்ண அட்டை முறை இருந்தது; பிரிட்டனில் 2005 முதல் நடக்கும் ஆட்ஸ்கேப்பிலும் அது உண்டு. சட்டையில் பச்சை அட்டை என்றால், வந்து பேசுங்கள், நானாகத் தொடங்க எனக்கு வராது. மஞ்சள் என்றால் தெரிந்தவர்கள் மட்டும். சிவப்பு என்றால் இப்போது வேண்டாம். யார் முகத்தையும் பார்த்து ஊகிக்க வேண்டிய அவசியம் போய்விடுகிறது. கைதட்டும் சத்தம் பலருக்குத் தாங்காது என்பதால் கைகளை உயர்த்தி அசைத்துப் பாராட்டும் வழக்கமும் இப்படியான கூட்டங்களில் இருக்கிறது. ஜான் லூயிஸ் என்ற பிரிட்டன் கடைத்தொடர் 2024இல் நேர்காணல் கேள்விகளை முன்கூட்டியே இணையத்தில் போடத் தொடங்கியது. இந்தியாவிலும் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் ஆட்டிசம் ஒன்று. அவரவர் தேவைக்கேற்பப் பணியிடத்தில் நியாயமான மாற்றங்கள் செய்து தர வேண்டும் என்று அரசு அலுவலகங்களுக்கு அந்தச் சட்டம் சொல்கிறது. சரிவுப் பாதை கேட்டால் எல்லோருக்கும் புரிகிறது. கூட்டத்தின் நிரலை ஒரு நாள் முன்னால் எழுதி அனுப்புங்கள் என்று கேட்டால், அதுவும் அதே உரிமைதான் என்று புரிய இன்னும் நாளாகும்போல் இருக்கிறது. அலுவலகத்தில் பாதி முடிவுகள் டீக்கடையில் எடுக்கப்படுகின்றன. “முடிஞ்சா பாருங்க” என்றால் ‘கட்டாயம் முடிக்கணும்’ என்று அர்த்தம். இவற்றை மின்னஞ்சலில் ஒரு வரி எழுதுவதற்குச் செலவு எதுவும் இல்லை.

ஆட்டிசம் உள்ள ஒருவரைப் பேச அழைக்கிறவர்கள் செய்யக்கூடியவையும் இதே அளவுதான். எத்தனை நிமிடம், கையில் பிடிக்கும் மைக்கா சட்டையில் மாட்டுவதா, அவருக்கு முன்னால் யார் பேசுகிறார் என்பதை எழுத்தில் சொல்லுங்கள். கேள்வி நேரத்தை நேரடியாக விடாமல் சீட்டில் எழுதி வாங்கிக் கொடுங்கள். படித்து, யோசித்து, பிரமாதமாகப் பதில் சொல்வார். திடீரென்று “சார் ரெண்டு வார்த்தை” என்று மைக்கை நீட்டாதீர்கள். முடிந்ததும் சால்வை, படம், பொதுவான சாப்பாடு என்று இழுக்காமல், உட்கார ஒரு அமைதியான அறை இருக்கிறதா என்று முன்பே பார்த்து வையுங்கள். அவர் சாப்பிடாமல் கிளம்பினால் மரியாதைக் குறைவு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். திரும்பிப் போகும் வண்டி எத்தனை மணிக்கு, எந்த வாசலில் நிற்கும் என்பதை அழைப்புக் கடிதத்திலேயே எழுதிவிடுங்கள்.